கிளிப் போடும் இரண்டு வருடத்தில் எதற்குப் பயப்படலாம், எதற்கு வேண்டாம்

கேள்வி இதுதான்: எட்டாம் வகுப்புப் படிக்கும் 13 வயது மகளுக்கு மேல்பற்கள் தூக்கலாக இருக்கின்றன, கீழ்ப்பற்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. நான்கு பற்களை எடுத்துவிட்டுக் கிளிப் போட வேண்டும், இரண்டு வருடம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பிள்ளை வலி தாங்குவாளா, நல்ல பல்லை எடுத்தால் கண் பாதிக்குமா, பத்தாம் வகுப்பு முடியட்டும் என்று தள்ளிப்போடலாமா, மொத்தத்தில் என்னதான் நடக்கும் என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார்.

இந்த வைத்தியத்தையே தினமும் செய்கிறவள் என்ற முறையில் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பெற்றோர் பயப்படுகிற விஷயமும் நாங்கள் பயப்படுகிற விஷயமும் பெரும்பாலும் வேறு வேறு. உங்கள் கவலை வலி, ஊசி, கண், பள்ளிக்கூடத்துக் கேலி. எங்கள் கவலை பல் துலக்குவது, ரப்பர் பேண்ட் மாட்டுவது, எல்லாம் முடிந்தபிறகு பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் இருக்கக் கொடுக்கிற ரீடெய்னர். நடக்கிற வரிசையிலேயே சொல்லிக்கொண்டு வருகிறேன்.

முதல் ஒன்றிரண்டு தடவை வாயில் எதையும் மாட்ட மாட்டார்கள். எல்லாப் பல்லும் தாடையும் ஒரே படத்தில் விழுகிற ஓபிஜி எக்ஸ்ரே, முகத்தைப் பக்கவாட்டில் எடுக்கும் செபலோகிராம், போட்டோக்கள், பல் அச்சு, இவ்வளவுதான். அச்சு எடுக்க வைக்கும் மாவு சிலருக்குக் குமட்டும். தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து மூக்கால் மூச்சு விடச் சொல்லுங்கள், சில நிமிடத்தில் முடிந்துவிடும். ஸ்கேனர் வைத்திருக்கும் இடங்களில் அந்தத் தொல்லையும் இல்லை. கவரிங் நகை போட்டால் அவளுக்குத் தோல் அரிக்குமா என்று யோசித்துப் பாருங்கள். அரிக்கும் என்றால் இந்தச் சமயத்திலேயே சொல்லிவிடுங்கள். அது பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமை, கிளிப் கம்பியிலும் நிக்கல் உண்டு.

அந்தப் பக்கவாட்டு எக்ஸ்ரேயைக் காட்டி ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: மேல்பல் முன்னால் வந்திருக்கிறதா, இல்லை கீழ்த்தாடை பின்னால் இருக்கிறதா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தூக்குப்பல்லாகத்தான் தெரியும். கீழ்த்தாடைதான் குறை என்றால், வளர்ச்சி வேகமாக இருக்கும்போதே ட்வின் பிளாக் போன்ற கழற்றி மாட்டும் கருவியைக் கொடுத்து அந்த வளர்ச்சியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் அதற்கான காலம் குறுகியது. பெண் பிள்ளைகளுக்கு அந்த வேகம் ஆண் பிள்ளைகளைவிட முன்னதாகவே வந்து போய்விடும்; பெரிய மனுஷி ஆனபிறகு படிப்படியாகக் குறையும். உங்கள் மகள் 13 வயதில் அதன் வாசலில் இருக்கலாம், தாண்டியும் இருக்கலாம். ஆகவே பத்தாம் வகுப்பு முடியட்டும் என்பது, தாடை விஷயத்தில் மட்டும், சும்மா தள்ளிப்போடுவது ஆகாது. ஒரு வழியையே மூடிவிடுவதாக ஆகிவிடலாம்.

இனி பல் எடுப்பது. வழக்கமாக எடுப்பது கோரைப்பல்லுக்கு அடுத்து இருக்கும் முதல் சிறு கடைவாய்ப்பல், ஒவ்வொரு மூலையிலும் ஒன்று. ஒரு பல்லின் அகலம் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். நெருக்கடியில் நிற்கும் பற்களைப் பிரித்து நிறுத்தவும், தூக்கலாக இருப்பதைப் பின்னால் கொண்டுபோகவும் அந்த இடம்தான் முதலீடு. எல்லாருக்கும் எடுக்க வேண்டியதில்லை. கொஞ்சம் நெருக்கடிதான் என்றால் பல்லின் பக்கங்களை நூலளவு தேய்த்தோ, பல்வரிசையின் வளைவை விரித்தோ, எலும்பில் சின்ன ஸ்குரூ போட்டுப் பற்களைப் பின்னால் இழுத்தோ சமாளிக்கலாம். எல்லைக்கோட்டில் இருக்கும் வாய்களில் இரண்டு டாக்டர்கள் இரண்டு மாதிரி சொல்வது சகஜம். இது இன்று நேற்றுச் சண்டை அல்ல. இந்தத் துறைக்கே தந்தை என்று சொல்லப்படும் அமெரிக்கர் எட்வர்ட் ஆங்கிள் பல்லை எடுக்கவே கூடாது என்றார். அவரிடம் படித்த சார்லஸ் ட்வீட், அப்படி எடுக்காமல் சரிசெய்த வாய்கள் மறுபடி கலைந்ததைப் பார்த்து, எடுத்துச் செய்ய ஆரம்பித்தார். உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் எம்.டி.எஸ். ஆர்த்தோடான்டிக்ஸ் (பல் சீரமைப்பு) படித்த இன்னொருவரிடமும் அதே எக்ஸ்ரேக்களைக் காட்டிக் கேளுங்கள். எந்த நல்ல டாக்டரும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். பி.டி.எஸ். முடித்தபின் மூன்று வருடம் இதற்கென்றே படிக்கிற படிப்பு அது. பல் எடுத்துச் செய்கிற சிகிச்சையை அவர்கள் கையில் கொடுப்பதே என் விருப்பம்.

கண் பாதிக்கும் என்ற பேச்சு நம் ஊரில் எந்தத் தெருவிலும் கேட்கும். மேல்பல்லுக்கு உணர்வு தருவது ஐந்தாவது மூளை நரம்பின் ஒரு கிளை. பார்வைக்கு இருப்பது இரண்டாவது மூளை நரம்பு. இரண்டும் வேறு. பல்லைப் பிடுங்கினால் பார்வை குறையாது, அவ்வளவுதான். இந்த நம்பிக்கை எப்படி வந்தது என்பதற்கு என் ஊகம்: பல் ஒவ்வொன்றாகப் போகிற வயதும் வெள்ளெழுத்து, கண்புரை வருகிற வயதும் ஒன்று. பாட்டிக்கு இரண்டும் சேர்ந்து நடந்திருக்கும்.

பல் எடுப்பது மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான். ஊசி சுருக்கென்று இருக்கும், பிறகு அழுத்தம் மட்டும் தெரியும், வலி தெரியாது. நாலையும் ஒரே நாளில் எடுப்பதைவிட, ஒரு பக்கம் மேலும் கீழும் இன்று, மறுபக்கம் ஒரு வாரம் கழித்து என்று எடுத்தால் சாப்பிட ஒரு பக்கம் மிஞ்சும். அன்றைக்கு உதடு மரத்திருக்கும் நேரத்தில் பிள்ளை அதைக் கடித்துக் கடித்துப் பார்க்காமல் கவனித்துக்கொள்ளுங்கள். வீங்கிப்போய் வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கிளிப் ஒட்டுவதற்குச் சில நாள் முன்பு கடைவாய்ப்பற்களுக்கு நடுவில் சின்ன ரப்பர் வளையங்களைச் செருகி அனுப்பலாம். பிறகு கடைவாய்ப்பல்லைச் சுற்றி உலோக வளையம் மாட்டப் பல்லுக்கிடையே இடம் உண்டாக்குகிற வேலை. பார்க்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும், ஆனால் இறைச்சித் துணுக்கு மாட்டிக்கொண்ட மாதிரி இரண்டு மூன்று நாள் நச்சரிக்கும். கிளிப்பைவிட இதுதான் மோசம் என்று சொல்கிற பிள்ளைகள் உண்டு. இப்போது பல இடங்களில் கடைவாய்ப்பல்லிலும் கம்பி நுழைகிற சின்ன டியூபை ஒட்டிவிடுவதுதான் வழக்கம் என்பதால் இந்தக் கட்டமே இல்லாமல் போகலாம்.

ஒட்டுகிற நாளில் ஊசி கிடையாது. வாயை அகலமாக வைக்க ஒரு பிளாஸ்டிக் கருவி, பல்லின்மேல் சில வினாடிகளுக்குப் பாஸ்பாரிக் அமில ஜெல், கழுவி உலர்த்தினால் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறிய பரப்பு, அதன்மேல் பசை, கம்பியைப் பிடித்துக்கொள்ளும் சின்னத் துண்டான பிராக்கெட், பசையை இறுக்க நீல விளக்கு. வாயில் ஒரு புளிப்பு தெரியும். ஏறக்குறைய ஒரு மணி நேரம் வாயைத் திறந்தபடி இருப்பதுதான் கஷ்டம். முதலில் போடுவது நிக்கல்-டைட்டானியம் கம்பி, தலைமுடியைவிடச் சில மடங்கு தடிமன். கோணலான பல்லுக்குள் வளைத்துக் கட்டினாலும் வாய்ச்சூட்டில் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்த முயற்சியில் பல்லையும் கூடவே இழுக்கும்.

கிளிப் போட்டுவிட்டு வெளியே வரும்போது பிள்ளை சிரித்துக்கொண்டுதான் வருவாள். வலி அப்போது இருக்காது. நான்கைந்து மணி நேரம் கழித்து மெல்ல ஆரம்பித்து, மறுநாள் உச்சத்தில் இருக்கும், மூன்றாம் நாள் தணியும், ஒரு வாரத்தில் பேச்சே இருக்காது. குத்துகிற வலி அல்ல. எல்லாப் பல்லையும் யாரோ அழுத்திப் பிடித்த மாதிரி, கடித்தால் மட்டும் தெரிகிற வலி. ஆகவே சனிக்கிழமை காலையில் அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள், ஞாயிறு வீட்டில் கழியட்டும். மாத்திரை தேவைப்பட்டால் எடைக்கு ஏற்ற பாராசிட்டமால் போதும். ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டால் பல் நகர்வதற்குத் தேவையான ரசாயனத்தையே அது அடக்கும் என்பதால் நாங்கள் பாராசிட்டமாலைத்தான் முதலில் சொல்வோம்.

அந்த வாரம் இட்லி, இடியாப்பம், குழைந்த தயிர் சாதம், கஞ்சி, ரவா உப்புமா. நம் சமையலில் பாதி கிளிப்புக்காகவே செய்தது போலத்தான் இருக்கிறது. கன்னத்தின் உட்புறம் உரசிப் புண் வரும். கிளினிக்கில் தரும் மெழுகைக் கிள்ளி உருட்டி, உரசுகிற பிராக்கெட்டை டிஷ்யூவால் துடைத்துவிட்டு, அதன்மேல் அமுக்கினால் போதும். ஈரத்தில் ஒட்டாது, துடைப்பதுதான் சூட்சுமம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம். இரண்டு மூன்று வாரத்தில் கன்னம் பழகிவிடும். புல்லாங்குழலோ நாதஸ்வரமோ கற்கிற பிள்ளை என்றால் உதட்டுக்குப் பழக இன்னும் கொஞ்ச நாள் ஆகும், குருவிடம் சொல்லி வையுங்கள். கபடி ஆடுகிறவள் என்றால் கிளிப்புக்கு மேல் போடும் மவுத்கார்டு கேளுங்கள்.

அப்புறம் தடை உத்தரவு. முறுக்கு, சீடை, தட்டை, கடலை மிட்டாய், ஐஸ் கட்டியைக் கடிப்பது, எலும்பு கடிப்பது, சூயிங்கம், ஜவ்வு மிட்டாய். பொங்கல் முடிந்த வாரம் கிளினிக்கில் கூட்டம் அள்ளும், எல்லாம் கரும்பின் கைங்கர்யம். கொய்யாவையும் மாங்காயையும் விட்டுவிட வேண்டாம், மெல்லிய துண்டாக நறுக்கிக் கடைவாயில் மென்றால் சரி. பிராக்கெட் ஒன்று விட்டுப்போனால் அந்தப் பல் அன்றிலிருந்து நகராமல் நிற்கும், சில சமயம் வந்த வழியே திரும்பும். ஒட்டுவது பத்து நிமிட வேலைதான், ஆனால் இழந்த வாரங்கள் இழந்தவைதான். சாப்பாட்டோடு பிராக்கெட்டை விழுங்கிவிட்டால் பதற வேண்டாம், வயிற்றுக்குப் போனது பெரும்பாலும் தானே வெளியேறிவிடும். விடாத இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் மட்டும் உடனே ஆஸ்பத்திரி.

பல் எப்படி நகர்கிறது என்று தெரிந்தால் ஏன் இத்தனை மாதம் என்பதும் புரியும். பல் எலும்பில் சிமென்ட் போட்டு நட்ட கம்பம் அல்ல. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு மெல்லிய நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. கம்பி தள்ளும்போது, தள்ளப்படும் பக்கத்தில் இந்தப் படலம் நசுங்கி, எலும்பைக் கரைக்கும் செல்கள் வந்து சேரும். எதிர்ப்பக்கத்தில் எலும்பை உண்டாக்கும் செல்கள் வேலை செய்யும். சுவரே இடிந்து சுவரே எழுகிற வேலை இது. பலத்தைக் கூட்டினால் வேகம் கூடாது. படலத்துக்கு ரத்த ஓட்டம் நின்று பல் அப்படியே சில வாரம் மாட்டிக்கொண்டு நிற்கும், வலிதான் மிச்சம். இடைவெளியை மூடுகிற கட்டத்தில் மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்பதே நல்ல வேகம். 7 மில்லிமீட்டர் இடத்தை மூட எவ்வளவு ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். "ஆறே மாதத்தில் எல்லாம் நேராகிவிடும்" என்று பல் எடுத்த வாய்க்கு யாராவது விளம்பரம் செய்தால் என்ன அர்த்தம் என்பதும் அதில் வந்துவிடும்.

பெற்றோருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று இருக்கிறது. முதல் நான்கைந்து மாதத்தில் கோணல் எல்லாம் வேகமாக நிமிரும், வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அதற்குப் பிறகு தடித்த ஸ்டீல் கம்பி போட்டு இடைவெளி மூட ஆரம்பிப்பார்கள். மாதா மாதம் போகிறோம், கம்பியைப் பிராக்கெட்டோடு கட்டும் ரப்பர் ரிங்கை மாற்றுகிறார்கள், பற்களைச் சேர்த்து இழுக்கும் ரப்பர் செயினை மாற்றுகிறார்கள், கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. கோரைப்பல் பின்னால் போவதால் முன்னால் சந்து விழுந்து, முன்னைவிட அசிங்கமாகிவிட்டதே என்றுகூடத் தோன்றும். பல் கொஞ்சம் ஆடும். நின்றுபோகிற சிகிச்சைகளில் பல இந்தக் கட்டத்தில்தான் நின்றுபோகின்றன. பல்லையும் எடுத்துவிட்டு இடைவெளியையும் மூடாமல் நிற்பதைவிடக் கிளிப்பே போடாமல் இருந்திருக்கலாம். ஒவ்வொரு தடவையும் டாக்டரிடம் "மீதி எத்தனை மில்லிமீட்டர்?" என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள். எண் குறைந்துகொண்டு வருவது தெரிந்தால் பிள்ளைக்கும் பொறுமை வரும்.

நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை வரச் சொல்வார்கள். மேலும் கீழும் பிராக்கெட் கொக்கியில் மாட்டும் ரப்பர் பேண்ட் கொடுத்தால், அதைக் கண்ணாடி பார்த்து அவளே மாட்டிக் கழற்றக் கற்றுக்கொள்ள வேண்டும். சாப்பிடும் நேரமும் துலக்கும் நேரமும் போக மற்ற நேரமெல்லாம் வாயிலேயே இருக்க வேண்டும், தினமும் புதிது மாற்ற வேண்டும். இரவு மட்டும் போட்டுவிட்டு "போட்டேனே" என்பார்கள். கொடுத்த பாக்கெட் தீராமல் இருந்தால் கதை தெரிந்துவிடும். வண்ண ரிங் தேர்ந்தெடுக்கும்போது வெள்ளையும் நிறமற்றதும் வேண்டாம், ஒரே வாரத்தில் சாம்பார் மஞ்சள் ஏறிவிடும். நீலமும் சாம்பல் நிறமும் தாங்கும். பல் நிறத்தில் இருக்கும் செராமிக் பிராக்கெட் வாங்கிவிட்டு அதில் மஞ்சள் ரிங்கோடு திரிவது காசுக்குக் கேடு.

இப்போது நான் பயப்படுகிற விஷயம். பிராக்கெட்டைச் சுற்றி, ஈறுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய பட்டை பல் இருக்கிறதே, அங்கேதான் சாதமும் சர்க்கரையும் அடைகிறது. அது அமிலமாகி எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சினால் சுண்ணாம்பு வெள்ளையில் பிறை போல ஒரு தழும்பு விழும். நான்கு வாரத்திலேயே இது தொடங்கிவிடக்கூடும். கிளிப் இருக்கும்வரை பெரும்பாலும் கண்ணில் படாது. கழற்றிய நாளில் நேரான பற்களின்மேல் சதுரம் சதுரமாகத் தெரியும். ஓரளவு மங்கும், சிகிச்சையும் உண்டு, ஆனால் முழுதாகப் போகும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது.

ஆகவே பிரஷ்ஷை நேராகப் பிடித்து முன்னும் பின்னும் தேய்த்தால் போதாது. மென்மையான பிரஷ்ஷை ஈறுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் மேலிருந்து சாய்த்து ஒரு தடவை, பிராக்கெட்டுக்குக் கீழிருந்து மேல்நோக்கிச் சாய்த்து ஒரு தடவை, பிறகு கடிக்கும் பரப்பு. கம்பிக்கு அடியில் நுழைய, பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டி வடிவில் ஒன்று கடையில் கிடைக்கும். இன்டர்டென்டல் பிரஷ் என்று கேளுங்கள். ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட். காலையில் அவசரமாக இருக்கலாம், இரவு மட்டும் ஐந்து நிமிடத்துக்குக் குறையவே கூடாது. பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரில் நன்றாகக் கொப்பளித்தாலும் பாதி வேலை முடிந்தது. கோலா வேண்டாம். ஈறு சிவந்து உப்பியிருந்தால், துலக்கும்போது ரத்தம் வருகிறது என்று துலக்குவதைக் குறைக்காதீர்கள். அங்கேதான் இன்னும் நன்றாகத் துலக்க வேண்டும்.

பல் நகரும்போது வேரின் நுனி கொஞ்சம் தேய்வது உண்டு. பெரும்பாலும் எக்ஸ்ரேயில் மட்டும் தெரிகிற அளவுதான், பல்லுக்கு ஒன்றும் ஆகாது. மிகச் சிலருக்கு அதிகமாகத் தேயும் என்பதால்தான் நடுவில் ஒரு எக்ஸ்ரே எடுப்போம். கேட்டால் மறுக்காதீர்கள்.

கழற்றி மாட்டுகிற, கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் உறையான அலைனரில் செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். செய்யலாம், ஆனால் ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். நான்கு பல் எடுத்து இடைவெளி மூடுகிற வாயில், 13 வயதுப் பிள்ளைக்கு, நானாக அதைச் சொல்ல மாட்டேன்.

கிளிப் கழற்றுவது வலிக்காது. இடுக்கியால் ஒவ்வொன்றாக டக் டக்கென்று பெயர்ப்பார்கள், மீதிப் பசையை மெஷினால் தேய்ப்பார்கள். நாக்குக்குப் பல் வழுவழுவென்று ஏதோ புதிதுபோல் இருக்கும். எல்லாரும் செல்ஃபி எடுப்பார்கள். என் பார்வையில் சிகிச்சையின் மிக ஆபத்தான நாள் அதுதான். ஏனென்றால் அன்றைக்கு எலும்பு இன்னும் இறுகியிருக்காது, ஈறில் இருக்கும் நார்கள் இழுபட்ட நிலையிலேயே இருக்கும். அவை புது இடத்துக்குப் பழக ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். அதுவரை பல்லைப் பழைய இடத்துக்கே இழுக்கும். அதைத் தடுக்கத்தான் ரீடெய்னர்: கீழ் முன்பற்களுக்குப் பின்னால் ஒட்டுகிற மெல்லிய கம்பி, மேலே கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறை அல்லது கம்பி வைத்த பிளேட். முதல் சில மாதம் சாப்பாட்டு நேரம் தவிர நாள் முழுக்க, பிறகு இரவு மட்டும். எத்தனை வருடம் என்றால், பல் நேராக இருக்க வேண்டும் என்று ஆசை இருக்கிற வரைக்கும். சரிசெய்த பல் என்றில்லை, கிளிப்பே போடாதவர்களின் கீழ்ப்பற்களும் வயதாக ஆக நெருக்கிக்கொண்டுதான் வருகின்றன. ஞானப்பல் முளைத்துத் தள்ளிவிட்டது என்று அதன்மேல் பழியைப் போடுவார்கள். அது முளைக்காதவர்களுக்கும் இதே கதைதான்.

ரீடெய்னர் எங்கே தொலையும் என்றால், கல்யாண வீட்டில். சாப்பிடக் கழற்றி டிஷ்யூவில் சுற்றி இலை ஓரத்தில் வைப்பார்கள், இலையோடு மூடிப் போய்விடும். டப்பா இல்லாமல் கழற்றவே கூடாது என்பது சட்டமாக இருக்கட்டும். சுடுதண்ணீரில் கழுவினால் வளைந்துபோகும், பச்சைத் தண்ணீர் போதும். தொலைந்தால் அல்லது உடைந்தால் மறுநாளே போன் செய்யச் சொல்லுங்கள். இரண்டு வாரம் சும்மா இருந்துவிட்டுப் போட்டால் ஏறாது.

பணம் பற்றி ஒன்றுதான். சொல்லும் தொகையில் பல் எடுப்பது, எக்ஸ்ரே, விட்டுப்போன பிராக்கெட்டை ஒட்டுவது, ரீடெய்னர் எல்லாம் சேர்த்தியா என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கையைக் கடிக்கிறது என்றால் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் முதுநிலை மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் இதையே செய்கிறார்கள். செலவு வெகுவாகக் குறையும், காத்திருப்பு அதிகம். உங்கள் மகளைப் பார்க்கும் மாணவர் படிப்பு முடிந்து போய்விட்டால் அடுத்த செட் மாணவரிடம் கோப்பு மாறும். ஆகவே முதல் வருட மாணவரிடம் சேர்வது நல்லது.

பரீட்சை விஷயம்: இப்போது ஆரம்பித்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நேரத்தில் கடைசிக் கட்டத்திலோ ரீடெய்னரிலோ இருப்பாள், படிப்புக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை. பல் எடுப்பதையும் முதல் கம்பியையும் மட்டும் தேர்வு வாரத்தில் வைக்காதீர்கள். பதினொன்றாம் வகுப்புக்கு விடுதிப் பள்ளியில் சேர்க்கும் எண்ணம் இருந்தால் அதை டாக்டரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். மாதம் ஒரு தடவை அனுமதி வாங்கி வெளியே வர முடியாத இடத்துக்குப் பாதிக் கிளிப்போடு அனுப்பக் கூடாது.